மிளகாய்க் கப்பலும் மங்களத்தின் கட்டிலும்

1

இந்தக் கதை ஒரு சனிக்கிழமைச் சமூக சேவையிலிருந்து பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதோ உன்னதமான துயரத்திலிருந்து பிறந்திருக்கும் என்று நம்பி வாசித்துவிட்டு நீங்கள் ஏமாறக் கூடாது.

வைட்ஃபீல்டில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் வருடத்தில் ஒரு சனிக்கிழமை எங்களை பஸ்ஸில் ஏற்றி ஏதாவது ஒரு இல்லத்துக்கு அனுப்பும். மஞ்சள் டீ ஷர்ட் தருவார்கள். ஒரு சுவருக்குப் பெயின்ட் அடிப்போம். பிறகு அந்தச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வோம். சந்தாபுராவிலிருந்து ஆனேக்கல் போகும் சாலையில் இருந்த அந்தக் குழந்தைகள் இல்லத்தின் சுவருக்கு முந்தைய வாரம்தான் வேறொரு நிறுவனத்தின் பச்சை டீ ஷர்ட்காரர்கள் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதன் மேலேயே அடித்தோம். சேவை என்று வந்துவிட்டால் சுவரின் சம்மதம் கேட்பதில்லை.

நான் அடிக்கவில்லை. இல்லத்தின் கண்காணிப்பாளர் பார்கவி மேடம் எங்கள் வரிசையைப் பார்த்து, "உங்கள்ல யாருக்கு தமிழும் இங்கிலீஷும் ரெண்டும் சரியா வரும்?" என்று கேட்டார். கை தூக்கினேன். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும், ஒரு குழந்தைக்கும் அவளைத் தத்தெடுக்கப் போகிற வெளிநாட்டுத் தம்பதிக்கும் நடக்கும் வீடியோ அழைப்பில் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

மொழிபெயர்ப்பு நாவல்களையே தின்று வளர்ந்தவள் நான். ஆனேக்கல் சாலையில் எனக்கொரு பனிப்பிரதேசக் கதை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கதையும் என்னைப் பற்றி ஏதாவது நினைத்திருக்கும். அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி:

பனி இடைவிடாமல் பெய்துகொண்டிருந்த அந்த மாலையில், கலங்கரை விளக்கத்தின் காவலர் இவார் தன் மனைவி மார்த்தாவிடம்—

நிறுத்திவிட்டேன். இவார் கலங்கரை விளக்கத்தின் காவலர் இல்லை. பாத்ரூம் டைல்ஸ் விற்கிறார். மார்த்தா ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். அவர்கள் ஊரில் கடலே கிடையாது. முதல் அழைப்பில் இதைத் தெரிந்துகொண்டபோது, எனக்கு ஏதோ துரோகம் நடந்துவிட்டதுபோல் இருந்தது.

இரண்டாவது தொடக்கம்:

இரு தேசங்களின் கோபத்துக்கு நடுவே ஒரு குழந்தையின் கண்ணீர்—

இது ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ். தவிர, அவள் அழுது நான் பார்த்ததில்லை. (மற்றவர்களை அழவைத்துப் பார்த்திருக்கிறேன்.)

மூன்றாவது: மங்களத்துக்கு ஆறு வயது.

இதில் தவறில்லை. ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு மங்களம் என்று பெயர் வைத்தால் வாசகர் நம்புவாரா? அத்திப்பள்ளி பஸ் நிலையத்தில் அவளைக் கண்டெடுத்த பெண் போலீஸ்காரரின் பெயராம். இல்லத்தில் அதையே வைத்துவிட்டார்கள். கதைக்காக நிலா என்று மாற்றி, அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

"நிலா யாரு?"

"நீதான்."

"அவளுக்கும் பெரிய ஷூ இருக்கா?"

மங்களத்தின் இடது கால் வலது காலைவிடக் கொஞ்சம் குட்டை. அந்தக் காலுக்கு மட்டும் தடித்த அடிப்பாகம் வைத்த ஷூ.

"இருக்கு."

"அது என் ஷூ. குடுக்க முடியாதுன்னு சொல்லிடுங்க அக்கா."

அதனால் மங்களம்.

* நாட்டின் பெயர்: சொல்லப் போவதில்லை. எந்த நிஜ நாட்டின் பெயரை எழுதினாலும், கதை அச்சாவதற்குள் அது நம்மோடு சண்டைக்கு வந்துவிடும், அல்லது சமாதானமாகிக் கதையைக் கெடுத்துவிடும். எனவே பனிநாடு என்று ஒன்றை நானே உண்டாக்கிக்கொள்கிறேன். அந்த நாட்டோடு வந்த சண்டையையும் நானே உண்டாக்கினேன். நிஜச் சண்டைகளின் காரணங்கள் இதைவிடச் சின்னவை என்பதால், யதார்த்தத்துக்காகக் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறேன்.

3

மங்களம் ஏன் பனிநாட்டுக்குப் போக வேண்டும், இங்கே ஆளில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தேசப்பற்றுள்ள கேள்விதான்.

ஆள் இருந்தார்கள். மூன்று தம்பதியர் அவளைப் பார்க்க வந்தார்கள். மூவரும் சொன்னதை பார்கவி மேடம் நடித்துக் காட்டுவார். மல்லேஸ்வரத்தில் கன்னட நாடகம் போட்டுப் பழகியவர், நன்றாகவே வரும்.

"'ரொம்ப க்யூட்டா இருக்கா மேடம்.' இது மொதல் டயலாக். மூணு பேருக்கும் இதே. அப்புறம், 'இன்னும் கொஞ்சம் சின்னக் குழந்தையா…' அப்புறம் வாய்ஸ் கம்மி பண்ணிட்டு, 'கால் சரியாயிடுமா?' நான் சொல்வேன், ஆகாது ரீ, கால் அப்படியேதான் இருக்கும், அவ ஓடுவா, மரம் ஏறுவா, உங்களைக் கடிப்பா. அவ்ளோதான், 'யோசிச்சு சொல்றோம்' அப்படிம்பாங்க. இன்னும் யோசிச்சுட்டே இருக்காங்க."

மார்த்தாவும் இவாரும் கேட்ட முதல் கேள்வி, அவளுக்கு நாய் பிடிக்குமா என்பது. நான் மொழிபெயர்த்தேன். மங்களம் திரையை முறைத்தாள்.

"நாய் எங்க தூங்கும்னு கேளுங்க."

கட்டிலுக்குக் கீழே என்றார்கள்.

"அப்ப சரி. பல்லி இருக்கா?"

பல்லியே கிடையாது என்றார் இவார், பெருமையாக.

"பின்ன கொசுவ யாரு பிடிப்பா? இவங்களுக்கு ஒண்ணும் தெரியல அக்கா. நான் போய்த்தான் பாத்துக்கணும்."

கடைசி வாக்கியத்தை அப்படியே மொழிபெயர்த்தேன். மார்த்தா கையால் வாயை மூடிக்கொண்டார். இவார் எழுந்து திரைக்கு வெளியே போனார். டைல்ஸ் விற்பவர் அழ மாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். இவ்வளவு நாவல்கள் படித்தும் அது தெரியவில்லை.

4

இந்த இடத்தில் கதையைத் திருப்பும் தவறு வருகிறது. மேதாவித்தனமான தவறாக ஒன்றை யோசித்துப் பார்த்தேன். (உளவாளி. தவறான விமானம். இரட்டைப் பிறவி.) கிடைத்தது பஞ்சாங்கம்தான்.

அந்த இல்லத்தில் ஒரு பழக்கம். தத்துப் போகும் குழந்தைக்கு வழியனுப்பு விழா நடத்துவார்கள். கேக் வெட்டி, எல்லாரும் கை தட்டி, குழந்தை முன்வாசலைத் தாண்டி வெளியே நடக்க வேண்டும். அப்படிப் போகும் குழந்தையைப் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அன்றே கட்டில் காலி என்று மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்லிவிடுவார்கள். எங்கோ ஒரு குழந்தை அந்தக் கட்டிலுக்காகக் காத்திருக்கும் அல்லவா? வழக்கமாக விழா முடிந்த கையோடு விமான நிலையம்.

மங்களத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது. கோர்ட் உத்தரவு வந்துவிட்டது, பாஸ்போர்ட் வந்துவிட்டது. மார்த்தாவும் இவாரும் டிக்கெட் வாங்கிவிட்டார்கள். விசா மட்டும் அடுத்த வாரம். ஆனால் அதற்குள் பார்கவி மேடம் காலண்டரைப் பார்த்துவிட்டார்.

"ஆஷாட வந்துடுது மரகதம். அப்புறம் நல்ல காரியம் எதுவும் ஆகாது."

மரகதம் அக்கா இல்லத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர், ஓசூர் பக்கம். அவரிடம் வளர்ந்ததால்தான் மங்களத்தின் தமிழ் இப்படி.

"உங்க ஆஷாடம் முடியறதுக்குள்ள எங்க ஆடி வந்துரும் மேடம். ரெண்டும் சேந்தா கொழந்த எப்பத்தான் வாசல தாண்டறது?"

இரண்டு மாநிலங்களின் கெட்ட மாதங்கள் கைகோத்து வருவதைப் பார்த்து, இருவரும் எடுத்த முடிவு: விழாவை முன்னாடியே நடத்திவிடுவது. நல்ல நாளில் வாசலைத் தாண்டிவிட்டால் போதும், விமானம் எப்போது கிளம்பினால் என்ன?

கேக் வெட்டினார்கள். "வலது கால், வலது கால்" என்று மரகதம் அக்கா கத்த, மங்களம் பிடிவாதமாகப் பெரிய ஷூவை முதலில் எடுத்துவைத்து வாசலைத் தாண்டினாள். மேடத்தின் கார் அவளை ஏற்றிக்கொண்டு சந்தாபுரா சர்க்கிள்வரை போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சமையலறைப் பக்கமாக உள்ளே வந்தது. பிற்பகலில் அவளுடைய கட்டிலுக்குத் தருண் என்றொரு இரண்டு வயதுப் பையன் வந்து சேர்ந்தான்.

ஒரு வாரம்தானே, ஆபீஸ் அறையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்ளட்டும் என்றார் பார்கவி மேடம்.

அந்த வாரம்தான் மிளகாய்க் கப்பல் திரும்பி வந்தது.

5

நம்முடைய பியாடகி மிளகாயை ஏற்றிப் போன கப்பலைப் பனிநாடு திருப்பி அனுப்பியது. மிளகாயில் ஏதோ மருந்து கூடுதலாம். நம் அமைச்சர் ஒருவர், காரம் தாங்காத நாக்கு உள்ளவர்கள் ஏதாவது காரணம் சொல்லத்தான் செய்வார்கள் என்றார். அவர்களுடைய அமைச்சர் ஒருவர், நாக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அதை அடக்கிக்கொள்ள வேண்டும் என்றார். நாம் அவர்களுடைய தூதரக அதிகாரிகள் சிலரை வெளியே போகச் சொன்னோம். அவர்கள் நம்முடையவர்களைப் போகச் சொன்னார்கள். எண்ணிக்கையில் மட்டும் இரு தரப்பும் கறாராக இருந்தன. தீபாவளிப் பலகாரத் தட்டுகூட இவ்வளவு நேர்மையாகத் திரும்பி வராது.

தொலைக்காட்சியில் எட்டுச் சதுரங்களில் எட்டுப் பேர் மிளகாயின் மானத்துக்காகக் கத்தினார்கள். ஒரு மாலுக்கு முன்னால் பத்துப் பேர் பனிநாட்டுச் சாக்லேட்டை மிதித்தார்கள். மிதிப்பதற்கு முன் ஒருவர் பிரித்துத் தின்றது வீடியோவில் பதிவாகியிருந்தது. எங்கள் தெருமுனையில் 'ஸ்னோலாண்ட் பேக்கரி' ஒரே பகலில் 'ஸ்ரீ பியாடகி பேக்கரி' ஆயிற்று. பப்ஸின் ருசி மாறவில்லை.

இரண்டு விசா அலுவலகங்களும் மூடின. மார்த்தாவும் இவாரும் இங்கே வர நம் விசா வேண்டும். மங்களம் அங்கே போக அவர்கள் விசா வேண்டும். இரண்டும் ஒரே வெள்ளிக்கிழமை நின்றன.

தத்துகளையும் நிறுத்திவைப்பதாகப் பனிநாடு அறிவித்தது, "குழந்தைகளின் நலன் கருதி". நம் பக்கமும் நிறுத்திவைத்தார்கள், "குழந்தைகளின் நலன் கருதி". அந்த மாதம் இரு நாடுகளும் ஒத்துப்போன ஒரே வாக்கியம் அதுதான். மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை.

அன்றிரவு எட்டுச் சதுரங்களில் ஒருவர், "எங்கள் குழந்தைகள் ஏற்றுமதிச் சரக்கு அல்ல!" என்று மேசையைத் தட்டினார். எங்கள் குழந்தைகள். அவரை ஆனேக்கல் சாலைக்கு அழைத்து வந்து, இதோ உங்கள் குழந்தை, கடிப்பாள், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஒரு காட்சி எழுதினேன். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். கதையில்கூட.

6

ஒரு வாரம் மாதங்களாயிற்று. ஆஷாடம் போயிற்று, ஆடி போயிற்று. நல்ல மாதம் வந்து, அதிலும் எதுவும் நடக்கவில்லை.

மங்களம் இல்லத்தில் இருந்தாள், ஆனால் இல்லத்தின் கணக்கில் இல்லை. எண்ணிக்கைக்குமேல் ஒரு குழந்தையைக்கூட வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அவளை மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால், தாவணகெரேயில் காலிக் கட்டில் இருக்கும் இன்னொரு இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அவள் புதுக்குழந்தை. முதலிலிருந்து வரிசை. மார்த்தாவும் இவாரும் இல்லாத வரிசை. அவளுக்கோ வயது ஏறிக்கொண்டே போகிறது. ஐந்து வயதில் யோசித்துச் சொல்வதாகப் போனவர்கள் ஏழு வயதிலா வந்து அழைத்துப் போவார்கள்?

(* இது என் கதையின் விதி. சட்டப் புத்தகத்தில் தேடிவிட்டு எனக்குக் கடிதம் போட வேண்டாம்.)

சேர்க்காமல் விட்டால், சண்டை தீரும்வரை ஆபீஸ் அறைப் பாயில் காத்திருக்கலாம், யாரும் கேட்காதவரை.

சனிக்கிழமை அழைப்புகள் மட்டும் நிற்கவில்லை. இன்டர்நெட்டைத் திருப்பி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை போல. மார்த்தா அவளுடைய அறையைக் காட்டினார். சுவரில் இவார் டைல்ஸ் ஒட்டியிருந்தார். படுக்கையறைச் சுவரில் டைல்ஸ்! நீலமாய், ஒவ்வொன்றிலும் ஒரு பல்லி. தேடித் தேடி வாங்கினாராம்.

மங்களம் நெடுநேரம் பார்த்தாள்.

"இது கொசு பிடிக்காது. ஆனா பரவால்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன் அக்கா வரமாட்டேங்கறாங்க? டிக்கெட் வாங்கினாங்க இல்ல?"

"ரெண்டு நாட்டுக்கும் சண்டை."

"எதுக்கு?"

"மிளகாய்க்கு."

"நெஜமா சொல்லுங்க."

நிஜமாகத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என் எந்த மொழிபெயர்ப்பையும் முழுதாக நம்பவில்லை.

7

பத்திரிகைக்கு அனுப்பும் முன் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. மங்களத்தின் புகைப்படத்தைப் பார்த்து இரு நாட்டு அமைச்சர்களும் மனம் கரைகிறார்கள். கட்டிப்பிடிக்கிறார்கள். நடுவில் குழந்தை. நூற்றுக்கணக்கான கேமராக்கள். படம் எடுத்து முடிந்ததும் அமைச்சர் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, தன் உதவியாளரிடம் இவள் யாருடைய—

எழுத எழுத அமைச்சர்கள் அமைச்சர்களாகவே நடந்துகொள்கிறார்கள். என்ன செய்ய?

முடிவு இரண்டு. நான் படித்த நாவல்களுக்கு மரியாதை. சந்தாபுரா சர்க்கிளில் பனி பெய்கிறது. மேம்பாலம் வெள்ளையாகிறது. மங்களம் அதில் நடந்துபோகிறாள், ஒரு காலடி ஆழமாக, ஒரு காலடி லேசாக. சாலை முடியும் இடத்தில் நாயோடு மார்த்தா. இதை வாசித்துக் காட்டியபோது மரகதம் அக்கா கேட்டார்: "பனி பேஞ்சா துணி எங்க காயப்போடறது? இருவது கொழந்தைங்க ஜட்டி இருக்குது." பனி நின்றுவிட்டது.

முடிவு மூன்று. உள்ளூர்த் தீர்வு. வைட்ஃபீல்டிலிருந்து ரகுராம், வீணா என்றொரு நல்ல தம்பதியைக் கற்பனை செய்து அழைத்து வந்தேன். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காபி குடித்தார்கள். எனக்கு நம்பிக்கை வந்தபோது வீணா கேட்டார்: "அவளோட ஒரிஜினல் பேரன்ட்ஸ் யாருன்னு ஏதாவது… இல்ல, கம்யூனிட்டி எல்லாம் நாங்க பார்க்கறதில்ல. சும்மா, ஒரு ஐடியாவுக்கு."

அழிக்கப் போனேன். அதற்குள் மங்களமே வீணாவிடம் சொல்லிவிட்டாள்: "எனக்கு அம்மா இருக்காங்க ஆன்ட்டி. நெட் கிடைச்சா வருவாங்க."

நான் எழுதாத வசனம் அது.

8

கடைசியில் கேட்பதற்கு ஆள் வந்துவிட்டார். மாவட்ட அலுவலகத்திலிருந்து மஞ்சுநாத் என்ற அதிகாரி ஆய்வுக்கு வருவதாகக் காலையில்தான் தகவல். தார்வாடுக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர், தமிழ் ஒரு சொல் தெரியாது. அன்று சனிக்கிழமை, நானும் இருந்தேன்.

"என் அக்கா பேத்தி, லீவுக்கு வந்துகீதுன்னு சொல்லிடுங்க மேடம்" என்றார் மரகதம் அக்கா.

"பொய் எல்லாம் பேடா, வேணாம் மரகதம்."

"அப்ப நெசத்த சொல்லுங்க. தாவணகெரேக்கு பஸ் ஏத்திடுவாங்க. நான் அவ துணிய மடிச்சு வெக்கறேன்."

"அய்யோ, சும்னிரு! யோசிக்க விடு."

அந்த அதிகாரியை வில்லனாக எழுதத்தான் மூன்று பக்கம் முயன்றேன். ஒத்துழைக்கவில்லை. மஞ்சுநாத் அமைதியான மனிதர். கேட் அருகிலேயே செருப்பைக் கழற்றினார். எங்கள் நிறுவனத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெயின்ட் ரொம்பத் தடிமனாக இருக்கிறதே என்றார். கட்டில்களை எண்ணினார், குழந்தைகளை எண்ணினார். இரண்டும் சரியாக இருந்தன. தருண் அவருடைய பேனாவைப் பிடுங்கினான், சிரித்தபடி திரும்ப வாங்கிக்கொண்டார். பார்கவி மேடம் என்னைக் காட்டி, "இவங்க நம்ம டிரான்ஸ்லேட்டர் சார்" என்று கன்னடத்தில் பெருமையாகச் சொன்னார். கிளம்பும்போது மஞ்சுநாத் தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனார்.

படியில் மங்களம் உட்கார்ந்து சித்ரான்னம் தின்றுகொண்டிருந்தாள்.

"ஈ ஹுடுகி யாரு?"

இந்தப் பெண் யார் என்று கேட்கிறார். கேள்வி பார்கவி மேடத்துக்கு. ஆனால் அந்த அளவு கன்னடம் மங்களத்துக்கும் தெரியும். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத் தமிழில் சொன்னாள்:

"நான் போயிட்டேன் சார்."

சொல்லிவிட்டு, வேர்க்கடலையைத் தேடத் தொடங்கினாள்.

நான்கு மொழிகள் பேசத் தெரிந்த பார்கவி மேடம் ஃபேனைப் பார்த்தார். எப்போதும் பேசிக்கொண்டிருக்கும் மரகதம் அக்கா, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். மஞ்சுநாத் இருவரையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் ஹேளித்ளு?"

என்ன சொன்னாள்?

இங்கே நிறுத்துகிறேன். அவள் சொன்னது மூன்றே சொல். உள்ளபடி மொழிபெயர்த்தால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வி வரும், கடைசியில் தாவணகெரே வரும். அவர் கெட்டவரல்ல, எண்ணத் தெரிந்தவர், அவ்வளவுதான். 'விருந்துக்கு வந்திருக்கிறாளாம்' என்று மாற்றினால் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். மங்களம் பாயில் காத்திருப்பாள். ஒருவேளை அடுத்த மிளகாய் அறுவடைவரை. ஒருவேளை மார்த்தாவுக்கும் இவாருக்கும் தலை நரைக்கும்வரை. பெயரில்லாமல், கட்டிலில்லாமல், பள்ளிக்கூடமில்லாமல். எது அவளுக்கு நல்லது என்று இரு நாடுகளுக்கும் தெரிந்திருக்கிறது, நலன் கருதி அறிக்கையே விட்டிருக்கின்றன. எனக்குத் தெரியவில்லை.

தவிர, என் கன்னடம் ஆட்டோ பேரத்துக்கு மேல் போகாது.

நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். மொழிபெயர்ப்பில் மூலம் கெட்டுவிட்டது என்று சொல்லி எத்தனையோ புத்தகங்களை மூடிவைத்தவர் நீங்கள். இது சின்ன மூலம். வாருங்கள், இந்தப் பக்கம், குழந்தையின் தட்டை மிதித்துவிடாமல். நான் நகர்ந்துகொள்கிறேன்.

மஞ்சுநாத் பொறுமையாக நிற்கிறார். உங்களைத்தான் பார்க்கிறார்.